மூட்டும் நாணும்



பேச்சைத் தொடங்குமுன் உங்களிடம் ஒரு சிறு வேண்டுகோள். உங்கள் வலக்கையை மடிமீது தளர்வாக வைத்து, முழங்கைக்குச் சற்றுக் கீழே இடக்கையாற் பற்றிக்கொள்ளுங்கள். இப்போது வலக்கை விரல்களை மட்டும் மடக்குங்கள், நீட்டுங்கள். விரல்கள் அசைவது ஓரிடம். தசை திரண்டு தளர்வது வேறோரிடம். இடையே ஒரு சாண் தூரம் இருக்கின்றது. விரல்களுக்குள் அவற்றை மடக்கும் தசை எதுவும் இல்லை என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. முன்கையில் உள்ள தசை இழுக்கின்றது, அந்த இழுப்பை நாண்கள் மணிக்கட்டையும் உள்ளங்கையையும் கடந்து கொண்டுசென்று விரலெலும்பிடம் சேர்க்கின்றன, மூட்டு வளைகின்றது, விரல் மடங்குகின்றது.

தோட்டப்புறத்திற் பிறந்தவர்களுக்கு இது ஒருவகையிற் பழைய செய்தியே. தீபாவளிக்குக் கோழி அறுத்தால் அதன் கால்களுக்காகப் பிள்ளைகள் நாங்கள் காத்திருப்போம். வெட்டிய காலின் முனையில் வெள்ளையாக நீட்டிக்கொண்டிருக்கும் நாணைப் பற்றி இழுத்தால், உயிரற்ற அந்தக் காலின் விரல்கள் மடங்கும், விட்டால் தளரும். அதைக் காட்டித் தங்கைமாரைப் பயமுறுத்துவது எங்கள் விளையாட்டு. உயிர் போன பின்பும் அசைவின் பொறி அப்படியே இருக்கின்றது. இழுப்பதற்கு ஒன்று வேண்டும், அவ்வளவே. அந்த விளையாட்டுக்குள் ஒரு பெரிய வைத்திய உண்மை கிடந்ததை நெடுங்காலத்தின் பின்னரே அறிந்தேன். அவ்வுண்மையைக் கொண்டு முடங்கிய கைகளை நிமிர்த்திய வரலாற்றையே இன்று சொல்ல விரும்புகிறேன். நான் வைத்தியன் அல்லேன். வரலாறு கற்பித்த ஆசிரியன். இருந்தும் இதைச் சொல்ல எனக்கு ஒரு கடன் உண்டு.

கொழும்பிலிருந்து கண்டி செல்லும் பெருந்தெருவில், வரக்காப்பொல நகருக்கு அப்பால் உள்ளே விலகியிருந்த ரப்பர்த் தோட்டமொன்றில் வளர்ந்தவன் நான். 1970களின் பிற்பகுதி அது. எங்கள் லயத்தில் நாங்கள் மாமா என்று அழைத்த பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் இருந்தார். பால்வெட்டு என்பது நுட்பமான கைவேலை. வெயில் ஏறுமுன் மரத்தை அணுகி, பழைய வெட்டின்மீது கத்தியை வைத்து, மெல்லிய சீவல் ஒன்றை எடுக்கவேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. கூடினால் மரம் காயப்படும். கத்தியைப் பிடிப்பவை விரல்கள், ஆழத்தைக் காப்பது மணிக்கட்டு, இழுப்பது முன்கை. மாமாவின் கை அந்த வேலையிற் பேர்பெற்றது. வேலை முடிந்து வரும்போது ஒட்டுப்பாலை இழையிழையாகச் சுற்றி எங்களுக்குப் பந்து செய்து தருவார்.

பின்னர் அவருடைய சிறுவிரலும் மோதிரவிரலும் மெல்ல மெல்ல உள்ளே வளையத் தொடங்கின. மற்ற விரல்களும் அவ்வழியே சென்றன. கத்தி நழுவியது. அடுப்பிற் சுட்ட காயம் கையில் இருக்கும். சுட்டது அவருக்கே தெரியாது. லயத்தில் ஒரு சொல் பரவிற்று. அதை எவரும் உரக்கச் சொல்லவில்லை. பீலியில் அவர் தண்ணீர் பிடிக்கும் வேளையை மற்றவர்கள் தவிர்த்தார்கள். ஒருநாள் அவர் நீட்டிய பந்தை, அவருடைய கை என் கையிற் படாதவாறு வாங்கி, அவர் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே கானில் எறிந்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். சில வாரங்களில் அவர் லயத்தை விட்டுப் போய்விட்டார். எங்கே போனார் என்று எவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தக் கைக்கு நேர்ந்தது என்ன என்பதை விளங்கிக்கொள்ள, நல்ல கை எவ்வாறு இயங்குகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

வளர்ந்த மனிதனின் உடலில் 206 எலும்புகள் உள்ளன. அவற்றுள் மணிக்கட்டும் உட்பட ஒரு கையில் மட்டும் 27 எலும்புகள் அடங்கும். எலும்போடு எலும்பு கூடுமிடம் மூட்டு. அங்கே எலும்பின் முனைகளைக் கசியிழையம் என்னும் வழுவழுப்பான குருத்துப் போர்த்தியிருக்கின்றது. மூட்டைச் சூழ்ந்த உறைக்குள் முட்டையின் வெண்கருவை ஒத்த நீர்மம் சிறிதளவு உண்டு. வண்டியச்சுக்கு இடும் எண்ணெய் போன்று அது உராய்வைத் தணிக்கின்றது. எலும்புகள் ஒன்றைவிட்டொன்று விலகாமற் கட்டிவைக்கும் உறுதியான பட்டிகளை எங்கள் பாடநூல்கள் இணையம் என்று அழைக்கின்றன. கால் பிசகிச் சுளுக்கு ஏற்பட்டது என்கிறோமே, பெரும்பாலும் அப்போது இழுபட்டு நைந்துபோவது இந்த இணையமே. எலும்பை எலும்போடு பிணைப்பது இணையம் என்றால், தசையை எலும்போடு பிணைப்பது தசைநாண்.

கசியிழையம், இணையம், நாண் ஆகிய மூன்றும் தொடுப்பிழையம் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றுக்கு உறுதியைத் தருவது கொலாஜன் என்னும் புரத இழை. தேங்காய்த் தும்பைத் திரித்துப் புரியாக்கி, புரிகளை முறுக்கிக் கயிறாக்குவதுபோல, இந்த இழைகள் கட்டுக்கட்டாக ஒரே திசையில் அடுக்கப்பட்டே நாண் உருவாகின்றது. அது தானாகச் சுருங்காது; சிறிதளவே நீளும். வந்த இழுப்பை அப்படியே கொண்டுசென்று சேர்ப்பதுதான் அதன் தொழில். அதற்குக் கிடைக்கும் இரத்தவோட்டம் குறைவு. ஆதலால் அறுந்தால் ஆறுவதற்கு நாட்செல்லும்.

இன்னுமொன்றை மனத்திற் கொள்ளவேண்டும். தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. ஆகவே மடக்குவதற்கு ஒரு தசையும் நீட்டுவதற்கு எதிர்ப்புறத்தில் இன்னொரு தசையும் வேண்டும். ஒன்று இழுக்கும்போது மற்றது விட்டுக்கொடுக்கின்றது. இந்தச் சமநிலையாலேயே கத்தி மரத்தில் நூலிழை ஆழத்தில் நிற்கின்றது. தசைக்கு ஆணை நரம்பின் வழியாக வருகின்றது. ஆணையிடும் நரம்பு, இழுக்கும் தசை, கொண்டுசேர்க்கும் நாண், வளைந்துகொடுக்கும் மூட்டு என்னும் நான்கில் ஒன்று தவறினாலும் மற்ற மூன்றும் வீணாகும்.

இந்த நான்கையும் பிரித்தறிய மனிதருக்கு நெடுங்காலம் சென்றது. நம் வீட்டுத் தமிழில் நரம்பு என்ற ஒரே சொல், ஆணையைக் கொண்டுசெல்லும் நரம்பையும், புறங்கையிற் புடைத்துத் தெரியும் இரத்தக் குழாயையும், குதிகாலின்மேல் விறைத்து நிற்கும் நாணையும் குறிக்கின்றது. யாழின் தந்திக்கும் அதுவே பெயர். இக்குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. கிரேக்கரின் நியூரோன் என்னும் சொல்லும் முதலில் உடலின் நாணையும் வில்லின் நாணையும் குறித்து, பின்னரே நரம்பைக் குறிக்கலாயிற்று. கி.பி. 2 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்னும் பேராசான், நாணில் நரம்பும் கலந்திருப்பதாகக் கருதினார். அதனால் அறுந்த நாணை ஊசியால் தைத்தாற் பெருங்கேடு விளையும் என்ற அச்சம் மேலைநாட்டு வைத்தியரிடையே பல நூற்றாண்டுகள் நிலவியது. 11 ஆம் நூற்றாண்டில் இபின் சீனா, நாணைத் தைக்கலாம் என்று எழுதினார். ஆயினும் அச்சம் எளிதில் அகலவில்லை.

பாரதத்தில் சுசுருதரின் பெயரால் வழங்கும் நூல் 300 எலும்புகளையும் 210 மூட்டுகளையும் 900 நாண்களையும் எண்ணிச் சொல்கின்றது. பல்லையும் குருத்தையும் எலும்போடு சேர்த்து எண்ணியமையால் அத்தொகை இன்றைய கணக்கிலும் மிகுதியாயிற்று. ஆனால் தொகையைவிட முக்கியமானது அந்நூல் கண்ட உவமை. கயிறுகளாற் கட்டப்பட்ட பலகைகள் படகாகி நீரிற் பாரம் சுமப்பதுபோல, நாண்களாற் கட்டப்பட்ட மூட்டுகளே மனிதனைப் பாரம் சுமக்கச் செய்கின்றன என்பது அதன் கருத்து. கடற்கரையிற் கட்டுமரத்தைக் கண்டவர்களுக்கு இதன் பொருத்தம் விளங்கும்.

நம் நாட்டில் இக்கல்வி தமிழில் வந்த கதையும் சிறப்புடையது. 1847 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், வட்டுக்கோட்டையிலும் பின்னர் மானிப்பாயிலும் மாணவர்களுக்கு மேலைநாட்டு வைத்தியம் கற்பித்தார். தாமே தமிழ் கற்று, தமிழிலேயே அதைக் கற்பிக்க முடியும் என்று நிறுவினார். உடற்கூற்றியலுக்கு அங்காதிபாதம் என்னும் பெயர் அவர் நூல்களில் வழங்கிற்று. எலும்பும் மூட்டும் தசையும் தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே அச்சில் வந்தது அவருடைய உழைப்பினால்.

பெயரறிவது ஒன்று, அந்த அறிவைக் கொண்டு ஒரு கையை மீட்பது வேறொன்று. 1880களின் தொடக்கத்தில் ஆஸ்திரிய வைத்தியர் நிக்கோலடோனி ஒரு புதிய வழியை முயன்றார். இளம்பிள்ளை வாதத்தினாற் காலில் ஒரு தசை செயலற்றுப் போனால், அருகில் உயிரோடு இருக்கும் இன்னொரு தசையின் நாணை எடுத்து, செத்த தசையின் வேலையைச் செய்யுமாறு இடம்மாற்றி இணைப்பதே அவ்வழி. ஒரு வண்டியிற் கட்டிய இரண்டு மாடுகளில் ஒன்றை அவிழ்த்து, மாடில்லாத வண்டியிற் பூட்டுவது போன்றது இது. உலகப் போர்கள் விளைத்த காயங்கள் இக்கலையை வளர்த்தன. அமெரிக்காவில் ஸ்ரேளிங் பனல் என்பார் கைக்குரிய அறுவை முறைகளைத் தொகுத்துப் பெருநூல் ஆக்கினார். ஆயினும் கை முடங்கியோரில் மிகப் பெருந்தொகையினர் இருந்த இடத்துக்கு அக்கலை செல்லவில்லை. அவர்கள் தொழுநோயாளர்.

தொழுநோய் ஒரு கிருமியால் வருவது என்பதை நோர்வே நாட்டு வைத்தியர் ஹான்சன் 1873 ஆம் ஆண்டிற் கண்டறிந்தார். அதற்கு முன்னும் பின்னும் உலகம் அதற்குச் செய்த வைத்தியம் பெரும்பாலும் ஒன்றே: ஒதுக்கிவைத்தல். இலங்கையில் ஒல்லாந்தர் 1708 ஆம் ஆண்டில் வத்தளைக்கு அருகே ஹெந்தளையில் இந்நோயாளர்க்கென ஓர் இல்லம் அமைத்தனர். ஆங்கிலேயர் ஆட்சியில் 1901 ஆம் ஆண்டிற் பிறந்த சட்டம் அவர்களைப் பிரித்துவைப்பதற்கு வழிசெய்தது. பின்னர் மட்டக்களப்பு வாவியில் உள்ள மாந்தீவிலும் ஓர் ஆஸ்பத்திரி எழுந்தது. சுற்றிலும் நீர் சூழ்ந்த அந்த இடத்தைத் தேர்ந்தமையே அக்காலத்தவரின் எண்ணத்தைக் காட்டும். அழுகி விழுவது அந்நோயின் இயல்பு, அத்தகைய சதையிற் கத்தி வைப்பது வீண் என்பதே வைத்தியர்களிலும் பலர் கொண்டிருந்த கருத்து.

இக்கருத்தை மாற்றியவர் தமிழ்நாட்டு மலையொன்றிற் பிறந்தவர். சேலத்துக்குத் தென்கிழக்கே கொல்லிமலையில் 1914 ஆம் ஆண்டில் ஓர் ஆங்கில மிஷனரிக் குடும்பத்திற் பிறந்தார் போல் பிராண்ட். ஒன்பது வயதிற் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929 ஆம் ஆண்டில் தந்தை மலையிலேயே காய்ச்சலால் இறந்த செய்தி அங்கே அவரை எட்டியது. தந்தையைப் போலத் தாமும் மலைமக்களுக்கு வீடு கட்டவேண்டும் என்று எண்ணி, சில ஆண்டுகள் மரவேலையும் கல்வேலையும் பழகினார். பின்னரே வைத்தியம் கற்று அறுவை வைத்தியரானார். 1946 ஆம் ஆண்டில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிற் பணியேற்றார். ஆப்பும் இணைப்பும் பார்த்துப் பழகிய தச்சனின் கண் அவரோடு வேலூருக்கு வந்தது.

1947 ஆம் ஆண்டில் அவர் செங்கற்பட்டில் இருந்த தொழுநோய் நிலையத்தைப் பார்க்கச் சென்றார். அங்கே தலைவராக இருந்த வைத்தியர் கொக்றேன் அவரை அழைத்துச்சென்று காட்டினார். வளைந்த விரல்கள், குறைந்த விரல்கள், எங்கும் அவையே. இவை ஏன் இவ்வாறாகின்றன என்று பிராண்ட் கேட்டார். எலும்பும் மூட்டும் அறிந்த வைத்தியர் நீங்களல்லவா, உங்களில் ஒருவரும் இதை ஆராய்ந்ததில்லையே என்ற பொருளிற் கொக்றேன் விடையிறுத்தார். பிராண்ட் ஒரு நோயாளியை நிறுத்தி, நகங்களைப்போல் வளைந்திருந்த அவர் கையைத் தம் கையில் ஏந்தி, முடிந்தவரை இறுக்கிப் பிடிக்கும்படி கேட்டார். வலுவற்ற ஒரு தீண்டலையே அவர் எதிர்பார்த்தார். ஆனால் அந்தக் கை அவர் கையை வலிக்கும்படி நெரித்தது.

நேயர்களே, இவ்வரலாறு திரும்பிய இடம் இதுதான். முடங்கிப் போனது என்று உலகம் தள்ளிவைத்த கைக்குள் வலிய தசைகள் உயிரோடு இருந்தன. அப்படியானால் செத்தது எது?

நீங்கள் தொடக்கத்திற் பற்றிப் பார்த்த முன்கைத் தசைகள் விரல்களை மடக்குவன. உள்ளங்கைக்குள் வேறு சில சிறு தசைகள் உண்டு. அவையே விரலின் அடிமூட்டை வளைத்துக்கொண்டு மேல்மூட்டுகளை நிமிர்த்துகின்றன. சோற்றை அள்ளவும், பேனையைப் பிடிக்கவும், கத்தியின் காம்பைச் சுற்றிப் பற்றவும் கை விரிந்து வளைவது இவற்றால். இத்தசைகளிற் பெரும்பாலானவற்றுக்கு ஆணை கொண்டுவரும் நரம்பு முழங்கையின் உட்புறத்தில் தோலுக்கு அண்மையாகச் செல்கின்றது. அங்கே இடிபட்டால் மின்சாரம் பாய்ந்ததுபோற் சிறுவிரல்வரை விறுவிறுக்குமே, அதே நரம்பு. தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளை நாடுவது. ஆதலால் தோலுக்கு அண்மையிலுள்ள அந்த இடத்தில் அது நரம்பைத் தாக்குகின்றது. உள்ளங்கைத் தசைகள் செயலறுகின்றன. எதிர்ப்பாரில்லாத முன்கைத் தசைகள் விரல் நுனிகளை உள்ளே இழுத்து மடக்கிவிடுகின்றன. பிடிக்கும் வலிமை இருக்கின்றது. பிடிப்பதற்காகக் கையை விரிக்கத்தான் முடிவதில்லை.

எனவே தேவைப்பட்டது புதிய வலிமையன்று. இருக்கும் வலிமைக்கு ஒரு புதிய வழி. ஒவ்வொரு விரலையும் மடக்க முன்கையிலிருந்து இரண்டு நாண்கள் செல்கின்றன. இரண்டில் ஒன்றை எடுத்தாலும் மற்றது மடக்கும் வேலையைப் பார்த்துக்கொள்ளும். அவ்வாறு எடுத்த நாணைக் கிளைகளாகப் பிரித்து, விரல்களின் பக்கவாட்டிற் செலுத்தி, நிமிர்த்தும் பாகத்தில் இணைத்தால், மடக்கிய தசையே நிமிர்த்தும் தசையாகிவிடும். பனல் வகுத்த இம்முறையிற் பிராண்ட் தொடங்கினார். பின்னர் மணிக்கட்டை உயர்த்தும் தசைகளில் ஒன்றைத் தேர்ந்து, அதன் நாண் விரல்வரை எட்டாதபடியால், கெண்டைக்காலில் உள்ள மெல்லிய நீண்ட நாணொன்றை எடுத்து ஒட்டி நான்கு கிளையாக்கும் முறையையும் வளர்த்தார். அந்தக் கால்நாண் சிலருக்குப் பிறவியிலேயே இருப்பதில்லை. இல்லாதவர் குறையின்றி நடக்கின்றனர். இருப்பவரிடமிருந்து எடுத்தாலும் நடைக்குக் கேடில்லை.

1948 ஆம் ஆண்டில் வேலூரில் முதல் அறுவை நடந்தது. புண் ஆறாது என்று பலர் எச்சரித்தனர். ஆறிற்று. ஆயினும் கத்தியாற் செய்தது பாதி வேலையே. நெடுநாள் மடங்கிக் கிடந்த மூட்டு இறுகிப் போயிருந்தால், எந்த நாண் இழுத்தாலும் அது வளையாது. ஆகவே அறுவைக்கு முன்னரே எண்ணெய் தடவியும் பிடித்துவிட்டும் மாவுக்கட்டு இட்டும் மூட்டுகளைச் சிறிது சிறிதாக இளகச்செய்யவேண்டியிருந்தது. அறுவைக்குப் பின்னரோ, மணிக்கட்டை உயர்த்த எண்ணினால் விரல் நிமிர்கின்றது என்ற புதிய பாடத்தை மூளை கற்கவேண்டும். ஒரு பிள்ளை எழுதப் பழகுவதுபோல அவர்கள் கையை வசப்படுத்தப் பழகினார்கள்.

கை நிமிர்ந்த பின் எழுந்த இடர் எவரும் எதிர்பாராதது. குணமடைந்து போனவர்களுள் ஒருவர் திரும்பிவந்து, இவை பிச்சைக்கு உதவாத கைகள் என்ற பொருள்படச் சொன்னாராம். வளைந்த கையைக் கண்டவர்கள் இரங்கிக் காசு போட்டார்கள். நிமிர்ந்த கையைக் கண்டவர்கள் போடவில்லை. ஆனால் தழும்பைக் கண்டு வேலையும் கொடுக்கவில்லை. தசைக்கும் எலும்புக்கும் இடையே அறுந்ததை இணைத்தாயிற்று. மனிதனுக்கும் ஊருக்கும் இடையே அறுந்தது அப்படியே கிடந்தது. 1951 ஆம் ஆண்டிற் கல்லூரி வளவிலேயே எளிய குடில்கள் எழுந்தன. நவஜீவ நிலையம் என்று அதற்குப் பெயர். இளமையிற் பழகிய தச்சுவேலை அங்கே பிராண்டுக்குக் கைகொடுத்தது. நோயாளர்கள் மரத்தில் விளையாட்டுப் பொருள்கள் செய்து தொழில் கற்றனர்.

அவர்களோடு ஒரே வளவிற் பழகியதனால் இன்னொரு பேருண்மையும் வெளிப்பட்டது. ஒருநாள் துருவேறிய பூட்டொன்றைப் பிராண்டால் திறக்க முடியவில்லை. நோயுற்ற சிறுவன் ஒருவன் ஒரே திருப்பில் திறந்துவிட்டான். அவன் விரலைப் பார்த்தால், சாவி எலும்பு தெரியும்வரை வெட்டியிருந்தது, அவனுக்கு வலிக்கவில்லை. விரல்கள் அழுகி விழுவதில்லை. வலி உணராத கை காயத்தின்மேற் காயம் பட்டுத் தேய்ந்து குறைகின்றது என்பதை அத்தகைய சான்றுகளால் அவர் நிறுவினார். பாத்திரத்தை வெறுங்கையால் இறக்காதிருத்தல், உறங்குமுன் கைகால்களைக் கண்ணாற் பார்த்தல் முதலிய பழக்கங்கள் அதன் பின்னரே வைத்தியமாயின. உணர்வற்ற பாதங்களைக் காக்க நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மென்மையான ரப்பரால் செருப்புகள் செய்யப்பட்டன. ரப்பர் மரங்களின் நிழலில் வளர்ந்த எனக்கு இச்செய்தியைப் படித்த நாளில் உறக்கம் வரவில்லை.

வேலூரின் அருகே கரிகிரியில் 1955 ஆம் ஆண்டில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று. பல நாட்டு வைத்தியர்கள் அங்கே பயிற்சி பெற்றனர். பிராண்டோடு பணியாற்றியவர்களுள் வைத்தியர் மேரி வர்கீஸ் அம்மையாரை மறத்தலாகாது. 1954 ஆம் ஆண்டில் நேர்ந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த அவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே நோயாளரின் கைகளில் நாண்களை மாற்றிவைத்தார். பின்னர் வேலூரில் ஒரு புனர்வாழ்வு நிலையத்தையும் தோற்றுவித்தார். பிராண்ட் 1966 ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று அங்கே தம் பணியைத் தொடர்ந்து, 2003 ஆம் ஆண்டிற் காலமானார்.

இன்று நிலைமை பெரிதும் மாறியிருக்கின்றது. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை 1983 ஆம் ஆண்டு முதல் இலங்கையில் வழங்கப்பட்டு வருகின்றது. ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ நோய் முற்றாகக் குணமாகும். சிகிச்சை தொடங்கிய சிறிது காலத்திலேயே பிறருக்குத் தொற்றுவதும் நின்றுவிடும். அரச ஆஸ்பத்திரிகளில் இதற்குக் கட்டணமில்லை. ஆயினும் ஆண்டுதோறும் புதிய நோயாளர் கண்டறியப்படுகின்றனர். அவர்களுட் சிறுவரும் உளர். தோலில் நிறம் வெளுத்த அல்லது சிவந்த படை தோன்றி, அவ்விடத்தில் தொட்டால் உணர்வு குறைந்திருந்தால், கையிலோ காலிலோ மரத்த தன்மை நீடித்தால், வெட்கப்படாமலும் காலந்தாழ்த்தாமலும் வைத்தியரிடம் காட்டுங்கள். நரம்பு கெடுமுன் மருந்து உட்கொண்டவருக்கு நாண் மாற்றும் அறுவையே தேவைப்படாது.

என் பாடசாலையில் ஆண்டுக்கொருமுறை பிள்ளைகளைக் கொண்டு ஒரு காகிதக் கை செய்விப்பதுண்டு. அட்டையில் விரல்களை வெட்டி, மூட்டுகள் இருக்குமிடத்தில் மடித்து, குளிர்பானக் குழாயைத் துண்டுதுண்டாக ஒட்டி, அவற்றினூடாக நூலைக் கோத்துவிட்டால் நாண் தயார். நூலை இழுத்தால் அட்டைக் கை மூடும். பிள்ளைகளிற் பலருடைய தாய்மார் விடியற்காலையிற் பால்வெட்டப் போகிறவர்கள். கை மூடுவதைக் கண்டு அவர்கள் ஆரவாரிக்கும்போது செங்கற்பட்டு நோயாளியின் கதையைச் சொல்வேன். பிறகு பந்தின் கதையையும் சொல்வேன். அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

எங்கள் மாமாவின் விரல்கள் வளைந்தபோது, வேலூரில் முதல் நாண் மாற்றப்பட்டு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன. இடையே இருந்தது ஒரு சிறு கடல். அறிவு அக்கரையில் இருந்தது; வலிய தசைகளோடு அவர் கை இக்கரையில் இருந்தது. இரண்டையும் இணைத்திருக்க வேண்டியவர்கள் நாங்கள். ஒருவராவது அவரை அழைத்துக்கொண்டு வைத்தியரிடம் போயிருக்கலாம். எவரும் போகவில்லை. ஏனெனில் எவரும் அவர் கையைத் தொட்டுப் பார்க்கவில்லை.

பிராண்ட் அந்த உண்மையைக் கருவியால் கண்டுபிடிக்கவில்லை. ஒரு மனிதனின் கையைத் தம் கையில் ஏந்தி, இறுக்கிப் பிடியுங்கள் என்று கேட்டதனாற் கண்டுபிடித்தார். தொடாமல் ஒதுங்கி நின்றவர்களுக்கு அந்தக் கை செத்த கையாகவே இருந்தது. ஒன்பது வயதில் நான் ஒதுங்கி நின்றவர்களில் ஒருவன். உங்கள் லயத்திலோ தெருவிலோ அப்படி ஒருவர் இன்று இருப்பாராயின், நேயர்களே, முதலில் அவர் கையைப் பற்றுங்கள். பின்னர் அவரோடு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுங்கள்.